எரிவாயுக் குழிக்குள் சூசையப்பன்

டெலிபோன் அலறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. வண்டன்மேட்டு ஏலக்காய் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் சவரம் செய்துகொண்டிருந்த எஞ்சினியர் சங்கையா, பாதி நுரையோடு வந்து ரிசீவரை எடுத்தார்.

"சார்... வாட்ச்மேன் கருத்தப்பாண்டி பேசுதேன். நம்ம ஃபிட்டர் சூசையப்பன் கேஸ் குழிக்குள்ள கெடக்கான் சார்."

"கெடக்கான்னா?"

"மூச்சு இல்ல சார்."

முகத்தில் நுரை காய்ந்தது.

கொன்றது யார் என்று சங்கையாவுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அவரேதான்.

எட்டு நாளைக்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், எஞ்சினியர்ஸ் கிளப்பில் அவருடைய பேச்சு. 'சாண எரிவாயுவில் ஏலக்காய் உலர்த்தலாம்.' முப்பது பேர் வந்திருந்தார்கள். மலையில் மரம் தீர்ந்துகொண்டே போகிறது... காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்புகளுக்கு இனி விறகு வேண்டாம், மாடு போதும் என்றார் சங்கையா. கைதட்டல் காதை அடைத்தது.

கடைசியில் எழுந்தான் சூசையப்பன். எஸ்டேட்டின் முதல் எரிவாயுக் குழியைக் கட்டியவன் அவன்தான்.

"சார், சாணம் போற குழாய் அடைச்சா, இரும்பு மூடியத் தூக்கிட்டு உள்ள எறங்கலாமா?"

சங்கையாவுக்கு பதில் தெரியாது.

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அரை மணி நேரம் காத்தாட விட்டுட்டு எறங்குப்பா. ஒண்ணும் ஆகாது."

அதற்கும் கைதட்டினார்கள்.

*

அவர் போனபோது கயிறும் கொக்கியும் போட்டு உடலை மேலே எடுத்திருந்தார்கள். தூறல். சூசையப்பனின் மனைவி பாக்கியம் அவன் முகத்துச் சாணத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கையாவைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"வேண்டாம்னு தடுத்தேன் சார். எஞ்சினியர் சாரே சொல்லிட்டாரு, பயப்படாதன்னு சொல்லிட்டுப் போனாரு. மணி பாத்து அரை மணி நேரம் காத்துக்கிட்டு நின்னாராம், வாட்ச்மேன் சொல்றாரு..."

சங்கையா குழியோரம் நின்ற இன்ஸ்பெக்டரிடம் போனார். செங்கோட்டையன், பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். அங்கிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம்.

"என்னைக் கைது பண்ணுங்க சார். நான்தான் அவனைக் கொன்னேன்."

நடந்ததைக் கேட்டுக்கொண்டார் இன்ஸ்பெக்டர். விலங்கை எடுக்கவில்லை.

"ஏனுங்க, உங்க கிளப்புக்காரங்க எல்லாரையும் நாலு மணிக்கு இங்க வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க. ஓடிப் போயிர மாட்டீங்கன்னு நம்புறேன்."

*

நாலு மணி. குழியைச் சுற்றி இருபது பேர். மின்சார ஓவர்சீயர் நூர்தீன் இருந்தார். விறகு கான்ட்ராக்டர் காளிச்சாமி இருந்தார். அவர் எஞ்சினியர் இல்லை. ஆனால் கிளப்பின் ஒரு பேச்சையும் விட்டதில்லை... டீயும் வடையும் அவர் உபயம்.

"எஸ்டேட் டாக்டர் பார்த்துட்டாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "பின்மண்டையில அடி. யாரோ அடிச்சுக் கொன்னு உள்ள தள்ளியிருக்காங்க. இந்தக் குழிக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

சங்கையாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு போனது. ஒரு மனிதன் செத்ததற்கு நான் சந்தோஷப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

"அடிச்ச கம்பி உள்ள கெடக்குது. எங்க கான்ஸ்டபிளுக்குக் காய்ச்சல். யாராச்சும் எறங்கி எடுத்துத் தர்றீங்களா?"

"நான் எறங்குறேன்" என்றார் சங்கையா.

நூர்தீன் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். "நீங்க இருங்க சார், உங்களுக்கு வயசாச்சு. நான் போறேன்."

"வேண்டாங்க நூர்தீன்" என்றார் இன்ஸ்பெக்டர். "காளிச்சாமியண்ணா, நீங்க மலை ஏறி எறங்குற ஆளு. எறங்குங்க."

காளிச்சாமி இரண்டடி பின்னால் போனார்.

"நான் மாட்டேன்."

"ஏனுங்க? ஒண்ணும் ஆகாதுன்னு எஞ்சினியர் அன்னைக்கே சொன்னாரே. நீங்களும் கேட்டீங்கல்ல?"

"அவருக்கு என்ன தெரியும்? அந்தக் காத்து மூணே மூச்சுல ஆளைச் சாய்ச்சுரும். கம்பம் ஊர்ல என் ஆளுக ரெண்டு பேரு இப்படித்தான்..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வார்த்தை வந்துவிட்டது.

"அப்ப அவர் சொன்னது தப்புன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர். "கூட்டத்துல எந்திரிச்சு ஏனுங்க சொல்லல?"

காளிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் குழாய் வாயில மூங்கிலை விட்டுக் குத்திட்டிருந்தீங்க. காய் பறிக்கிற பொம்பளை ஒருத்தி பார்த்திருக்குறா. தூரத்துல இருந்ததால முகம் தெரியலைங்குறா, இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. குழாயைக் கழட்டிப் பார்த்தோம், உள்ள சாக்கு. அதை அடைச்சது எதுக்குங்க?"

காளிச்சாமி தரையில் உட்கார்ந்தார்.

"நாலு லாரி ஓடுது எனக்கு. எல்லா ஸ்டோரும் சாணத்துக்கு மாறிட்டா நான் எங்க போவேன்? ஒருத்தன் செத்தா எல்லாரும் பயந்து விட்டுருவாங்கன்னு நெனச்சேன். அவனா எறங்குவான்னு தெரியும். நான் அவனைத் தொடவே இல்ல."

"தொடவே இல்லையா?" சங்கையா திடுக்கிட்டார். "அப்ப மண்டையில அடி?"

இன்ஸ்பெக்டர் அவரைத் தனியே அழைத்துப் போனார்.

"மன்னிச்சுக்கங்க. அடியும் இல்ல, கம்பியும் இல்ல. பொய்யிங்க. குழிக் காத்துலதான் செத்திருக்காரு. குழி ஆபத்தில்லைன்னு எல்லாரும் நம்பணும்... ஆபத்துன்னு முன்னமே தெரிஞ்ச ஒருத்தன் மட்டும் பின்வாங்கணும். அதுக்குத்தான்."

சங்கையாவின் நிரபராதித்தனம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை.

"சாக்கை வச்சது அவன்" என்றார் மெதுவாக. "ஆனா உள்ள எறக்குனது என் வார்த்தைதானே சார்?"

"ஆமாங்க."

இன்ஸ்பெக்டர் அதை மறுக்கவில்லை.

"எனக்கு என்ன செக்ஷன்?"

"சட்டத்துல அதுக்கு எடம் இல்லீங்க."

சங்கையா நேராகப் பாக்கியத்திடம் போனார். தெரியாமல்தான் சொன்னேன், முப்பது பேருக்கு முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டேன் என்றார். அவள் முந்தானையில் ஒட்டியிருந்த சாணத்தைச் சுரண்டினாள்.

"அடுத்த கூட்டத்துல இதை எல்லாருக்கும் சொல்லுங்க சார்" என்றாள். "அவரு பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் ஜீப் அவர் பக்கத்தில் நின்றது. பின்சீட்டில் விலங்கோடு காளிச்சாமி.

"அடுத்த கூட்டத்துல பேசப் போறீங்களாமே. கேக்க நானும் வர்றேனுங்க" என்றார் செங்கோட்டையன்.

"யாராவது கேள்வி கேட்டா, எனக்கு பதில் தெரியாட்டி?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. எங்க டிபார்ட்மென்ட்ல தெனமும் அதைத்தான் சொல்றோம்... அதனால இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்லீங்க."