வழி விட்டவள்

அவள் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்ற பிறகும் ஜல்லி நொறுங்கும் சத்தம் நிற்கவில்லை. இறங்கிவந்த வளைவுக்கு அப்பால் இன்னொரு சைக்கிள் நிதானமாக வந்துகொண்டிருப்பதுபோல் கறகறவென்று கேட்டது. பிறகுதான், ஏதோ யோசித்துவிட்டு நிற்பதுபோல், அதுவும் நின்றது.

மலையில் சத்தம் எங்கெங்கோ மோதித் திரும்பும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாஸ்டர் எப்போதோ முன்னால் போய்விட்டார். மாஸ்டர் என்பது அவள் கணவர்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஊரே அப்படிக் கூப்பிடக் கூப்பிட அவள் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு அவர் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் குனிந்து ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவளுக்கு வேறென்ன வேகம் வந்துவிடும் என்று அவளும் சிரித்துக்கொள்வாள்.

மெதுவாக ஓட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. போன வருஷம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவளை உரசித் தள்ளியது. முறிந்த இடுப்பெலும்பு கூடிவிட்டது. ஆனால் ஹார்ன் சத்தம் கேட்டால் இன்னமும் உள்ளங்கை வேர்த்து ஹேண்டில்பார் வழுக்கும். அதனால்தான் மாஸ்டர் வண்டியே வராத பாதையாகத் தேடித் தேடி அவளைக் கூட்டிப்போனார். இதுவும் அப்படிக் கிடைத்ததுதான். மலையைக் குடைந்து புதுச் சாலை போட்டதும் கைவிடப்பட்ட பழைய ரோடு. தார் உரிந்து ஜல்லி மட்டும் மிச்சமிருந்தது. இரும்புக் கேட் போட்டு அடைத்து, சைக்கிள் நுழைய மட்டும் ஓரத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள்.

"இங்க உன்னை இடிக்க ஆளே கிடையாது, ஆமை," என்று காலையில் கேட்டைத் தாண்டும்போது சொன்னார்.

இப்போது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி, முதலில் மரங்களின் அடியை மறைத்து, பிறகு இடுப்பை மறைத்து, கடைசியில் உச்சிகளை மட்டும் கறுப்புக் கறுப்பாக விட்டுவைத்திருந்தது. ஈரமண்ணும் அழுகிய இலையும் சேர்ந்த நெடி. பறவைச் சத்தம் எப்போது ஓய்ந்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை.

பிரேக்கை விட்டாள். சக்கரம் உருண்டது. பின்னால் மறுபடி அது.

இந்த முறை பக்கத்தில் கேட்டது. வேகமாக ஓட்டத் தெரிந்த யாரோ ஒருவர், ஒற்றையடியாகக் குறுகிய பாதையில் முந்த முடியாமல், மணியடித்து அவளைப் பயமுறுத்தவும் மனமில்லாமல் பொறுமையாகத் தொடர்வதுபோல் இருந்தது. அவளுக்கே சங்கடமாகப் போயிற்று. ஓரம் கட்டினாள். திரும்பிப் பார்க்காமலே கையை வீசி, "நீங்க முன்னாடி போங்க," என்றாள்.

சத்தம் அவளைக் கடந்தது.

சத்தம் மட்டும்தான். ஆளில்லை, சைக்கிளில்லை. பாதையின் நடுவே ஜல்லி அமுங்கி ஒரு கோடு ஓடியது. இரண்டு சிறு கற்கள் தெறித்து அவள் கணுக்காலில் பட்டன. கன்னத்தை ஒட்டிக் குளிர்ந்த காற்று போனது. அதில் ஒரு சோப்பு வாசனை. அவள் காலையில் குளித்த சோப்பு.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. பனி ஒரு பக்கம் விலகியபோது, கொண்டை ஊசிகளாக மடிந்து இறங்கும் பாதையில், இரண்டு வளைவு கீழே மாஸ்டரின் நீல ஜாக்கெட் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. கூப்பிடத் திறந்த வாய் அப்படியே நின்றது.

அவருக்குப் பின்னால், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல், இன்னொருவர் போய்க்கொண்டிருந்தார். ஆரஞ்சு ஜாக்கெட்.

குனிந்து தன் உடம்பைப் பார்த்தாள். ஆரஞ்சு ஜாக்கெட்.

போனை எடுத்தாள். அவருக்கு அடித்தாள். மணி போயிற்று. கீழே நீல ஜாக்கெட் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்தது.

"பின்னாடியே வந்துக்கிட்டு எதுக்குடி போன் பண்ற?" அவர் குரலில் சிரிப்பு.

"மாஸ்டர், அது நான் இல்ல."

"என்ன?"

"நான் மேல இருக்கேன். உங்களுக்கு ரெண்டு வளைவு மேல. உங்க பின்னாடி வர்றது நான் இல்லங்க. திரும்பிப் பாக்காதீங்க. நிறுத்தாம போங்க."

அவர் மூச்சு கேட்டது. ஜல்லிச் சத்தம் கேட்டது. பிறகு, போனுக்குள், கொஞ்சம் தள்ளி, அவளுடைய குரலே கேட்டது.

"யாருங்க போன்ல?"

"தெரியல," என்றார் மாஸ்டர். "ராங் நம்பர்."

துண்டித்துவிட்டார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். லாரி உரசிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பிரேக்கைத் தொடாமல் இறங்கினாள். சக்கரம் கல்லில் ஏறிக் குதித்தது. பல் நாக்கைக் கடித்து வாயில் உப்புக் கரித்தது. ஒரு வளைவு. இன்னொன்று. பனி முகத்தில் துணிபோல் மோதியது. இடுப்பு வலித்தது. வலிக்கட்டும்.

கடைசி வளைவில் பாலம் தெரிந்தது. கத்தினால் கேட்கும் தூரம்தான். மாஸ்டர் பாலத்தின் மேல் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். அதுவும் நின்றிருந்தது. அவள் பக்கம் முதுகு காட்டி.

பாலத்தைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போனால் கேட், கேட்டுக்கு வெளியே அவர்களுடைய கார், அண்ணி வீட்டில் விட்டுவந்த மகள். வலதுபக்கப் பாதை எதிர்மலையில் ஏறிப்போய், மண் சரிந்த இடத்தில் அறுந்துவிடும். மத்தியானம் அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் இருவரும் சாப்பிட்டார்கள். "எட்டிப் பாக்காதடி, தலை சுத்தும்," என்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருகிறவரை நிற்கச் சொல்லும் சைகை. அவரை ஒட்டி நிற்கிறதற்கு இந்தச் சைகை தேவையே இல்லை. அது அவளுக்கு.

பிறகு உரக்கச் சொன்னார். மலை முழுக்கக் கேட்டது.

"வா, வா. நம்ம வண்டி இந்தப் பக்கம்தான் நிக்குது."

வலதுபக்கம் திருப்பினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாங்க!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த நினைத்தாள். கத்தினால் அது திரும்பும். கையைக் கடித்துக்கொண்டாள்.

ஏற்றத்தில் அவர் எழுந்து நின்று மிதித்தார். தோள் இப்படியும் அப்படியும் ஆடியது. விடாமல் எதையோ பேசிக்கொண்டே போனார். நடுவில் சிரித்தார், சிரிப்பு உடைந்து இருமலாயிற்று. பின்னால் அது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் கால்கள் பெடலில் அசையவே இல்லை. அத்தனை செங்குத்தான ஏற்றத்திலும், இருவருக்கும் இடையே ஒரு சாண் கூட விலகவில்லை.

பனி மூடியது.

அவள் காத்திருந்தாள். பேச்சு கேட்டது. பிறகு பேச்சு நின்றது. விழுகிற சத்தம் கேட்குமென்று காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய காதை உடனே திறந்தாள். ஒன்றும் விழவில்லை.

பனி விலகியது.

எதிர்மலையில் பாதை அறுந்த விளிம்பு தெளிவாகத் தெரிந்தது. சிவந்த மண். அதன் கீழே வெறும் பள்ளம். விளிம்பில் யாருமில்லை.

அதற்கும் அப்பால், பாதை முன்பு இருந்த இடத்தில், ஒன்றுமில்லாத வெளியில், நீலமும் ஆரஞ்சும் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. நிதானமாக. ஒன்றன்பின் ஒன்றாக. இப்போது மாஸ்டரின் கால்களும் அசையவில்லை.

இரண்டு தலைகளும் ஒரே சமயத்தில் அவள் பக்கம் திரும்பின.