சாயந்தர மாத்திரை

சாயந்தரம் தரவேண்டிய மாத்திரையை மனைவி நிரஞ்சலா அன்று மத்தியானமே தந்துவிட்டாள். பாயில் சுருண்டு கிடந்த தயாபரன், ஜன்னல் பலகை முனகும் சத்தம் கேட்டுத் திரும்பியபோது, கம்பிகளுக்கு இடையே ஈரமான கை ஒன்று நீண்டிருந்தது; விரித்த உள்ளங்கையில் மாத்திரை. நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் லயத்து வரிசை வீட்டின் சுவரோடு சுவராக ஒட்டி நின்றதால் அந்தக் கைக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. பதுளைக்குப் போனவளுக்குத் திரும்பிவர பஸ் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று நினைத்தான். பிறகு ஏன் பூட்டைத் திறந்து உள்ளே வரவில்லை என்று கேட்க வாயெடுப்பதற்குள் நாக்கில் கசப்பு பரவிவிட்டது.

கதவை வெளியே பூட்டச் சொன்னவன் அவன்தான்.

தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறியை ஓட்டுகிறவன். மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டபோது டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. போடாத நாளில் மூக்கு ஒழுகியது, வயிறு முறுக்கியது, கால்கள் தாமாக உதறின. டாக்டர் சீட்டுக் கேட்காமல் விற்கும் கடையைத் தேடிப் பிடித்தான். ஒரு மாத்திரை ஒரு கைப்பிடியானது. போன மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் செருகி மரத்தில் மோதினான். பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்திக்குக் கை முறிந்தது. அதன் பிறகுதான் நிரஞ்சலா அவனைப் பதுளைக்கு இழுத்துப் போனாள்.

"ஒரேயடியா நிறுத்தக் கூடாது, உடம்பு தாங்காது," என்றார் கிளினிக்கில் இருந்த டாக்டரம்மா. "வாராவாரம் கொஞ்சமாக் குறைப்போம். மாத்திரை மனைவி கையிலேயே இருக்கட்டும். இதுவும் ஒரு வருத்தம்தான், வைத்தியம் இருக்கு. கூடப் போட்டுட்டா மட்டும் மறைக்காதீங்க. மூச்சே நின்னுடும்."

அன்றிலிருந்து மாத்திரை நிரஞ்சலாவின் இடுப்புப் பையில் இருந்தது. காலையில் ஒன்று, சாயந்தரம் ஒன்று. பிளேன்டீயோடு கொடுத்து, விழுங்கும்வரை நிற்பாள். நேற்று அவள் குளிக்கப் போன நேரத்தில் அவன் அரிசி வாளியைக் கவிழ்த்துத் தேடினான். பிள்ளையின் புத்தகப் பையைக்கூட விடவில்லை. அதனால்தான் இன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவள் கிளினிக்குக்குக் கிளம்பியபோது, "பூட்டிட்டுப் போ, என்னைய நம்பாத," என்றான்.

மழை தகரத்தில் இறங்கியது. ஈரச் சீமெந்தில் வெறுங்கால்கள் மெல்ல நடக்கும் ஓசையும், வெட்டிப்போட்ட மண்ணின் வாடையும் ஜன்னல் பக்கம் வந்தன. பலகை முனகியது. மறுபடி கை. மறுபடி மாத்திரை.

இந்தத் தடவை அவன் கையைப் பார்த்தான். கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல் இல்லை அது. வெளுத்து, ஊறிப்போய் இருந்தது. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. கேட்டால் கை பின்வாங்கிவிடும் என்று தோன்றியது. எடுத்து விழுங்கினான். உடம்பு முழுக்க இளஞ்சூடு இறங்கியது. அந்தச் சுகத்துக்கு அடியில், எங்கோ ஆழத்தில், அவன் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது.

"என்னங்க, நாங்க இன்னும் பதுளையிலதான் நிக்கிறோம்," என்றாள் நிரஞ்சலா. "பசறைப் பக்கம் மண்சரிவாம், பஸ் ஒண்ணும் போகல."

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"கேக்குதா? மாத்திரையும் சாவியும் எங்கிட்டதான் இருக்கு. பக்கத்துக் காம்பராவுல இருக்கிற இராசையா அண்ணனுக்கு போன் பண்றேன். பூட்ட ஒடச்சு உங்க கூட இருக்கச் சொல்றேன்."

ஜன்னல் பலகையில் நகம் உரசியது.

"வேணாம்."

"ஏன் கொரலு இழுக்குது? எதையாச்சும் போட்டீங்களா? சொல்லுங்க, நான் ஏச மாட்டேன்."

சொல்லலாம். ஒரு வார்த்தை போதும். அண்ணன் கோடரியோடு ஓடி வருவார், தோள் கொடுப்பார், டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போவார். ஆனால் ஆள் வந்தால் கை வராது.

"தூக்கம்தான்," என்றான். "அண்ணனக் கூப்புடாத. நான் நல்லாத்தான் இருக்கேன்."

போனை அணைத்தான். ஜன்னலுக்குத் தவழ்ந்து போனான். வாங்கினான். விழுங்கினான். இன்னொன்று. எத்தனையாவது என்று தெரியவில்லை.

பொழுது மங்கியது. லைட் போட எழ முடியவில்லை. கால்கள் எங்கோ தூரத்தில் கிடந்தன. கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தான்.

கம்பிகளுக்கு இடையே கை இல்லை.

மண் வாடை இப்போது அறைக்குள் இருந்தது. பூட்டு அசையவில்லை. கதவு திறக்கவில்லை. பாயின் ஓரம் மெல்ல அமுங்கியது.

மூச்சு ஒன்று கேட்டது. தன்னுடையதுதான் என்று நினைத்தான். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. காதருகே. நிதானமாக.

சுவரைத் தட்ட வேண்டும். அந்தப் பக்கம் இராசையா அண்ணன் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். எட்டும் தூரம்தான். கையைத் தூக்கினான்.

உதட்டில் ஈரமான விரல் பட்டது. கசந்தது.

தூக்கிய கை தானாகக் கீழே இறங்கியது. தயாபரன் வாயைத் திறந்தான்.

மாத்திரை நாக்கில் விழுந்தது. விரல்கள் வெளியே போகவில்லை. நாக்கைத் தாண்டின. தொண்டையைத் தாண்டின. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை.

அவன் வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.