கரைக்குள் மிதிக்கும் சத்தம்

காலையிலிருந்தே ஆமோஸ் ரட்டின் இரண்டு முழங்காலும் உள்ளே ஆணி இறக்கியது போலக் குத்திக்கொண்டிருந்தன. வழக்கமாக மழைக்கு முந்திய நாள்தான் அப்படிக் குத்தும். அன்று வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இரண்டு குளிர்காலம் ஈரக் களிமண்ணில் முட்டளவு நின்று மிதித்த கால்கள் அவை. அந்தக் களிமண்ணுக்கு மேலே எழும்பிய ஏரிக்குத்தான் இப்போது அவன் மதகுக்காரன்.

ஏரி சர் ஹியூபர்ட் கிராடாக்குடையது. பாலம் கட்டிப் பணம் சேர்த்த பொறியாளர். மொட்டை மலைச்சரிவில் ஏரி எடுத்து, வண்டி வண்டியாகப் பாறை கொண்டுவந்து அடுக்கி, எங்கெங்கோ மலைகளிலிருந்து செடி வரவழைத்து நட்டு, ஏரித் தண்ணீரில் சக்கரம் சுற்றவைத்து மரத்துக்கு மரம் மின்விளக்கு தொங்கவிட்டிருந்தார். லண்டனிலிருந்து வருகிற விருந்தாளிகள், என்ன ஒரு இயற்கை என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

நவம்பர் மாதத்து நாலு மணி வெளிச்சத்தில், கரையின் வெளிச்சரிவில் இறங்கும்போது புல்லுக்கு நடுவே அதைப் பார்த்தான். ஒரு இடது பூட்ஸின் தடம், நீலச்சாம்பல் களிமண்ணில். அந்தக் களிமண் ஏரித் தண்ணீர் கசியாதபடி மிதித்து இறுக்கி, கரையின் வயிற்றுக்குள் முப்பதடி ஆழத்துக்குச் சுவராக நிற்பது. வெளியே வர அதற்கு வழியே இல்லை. தடம் குழிந்திருக்கவில்லை, புடைத்திருந்தது. கீழேயிருந்து யாரோ மேல்நோக்கி மிதித்தது போல. குதிகாலில் லாட வடிவில் ஆணிகள், நடுவில் ஒரு ஆணி இல்லை.

ஆமோஸ் அதைத் தன் பூட்ஸால் தேய்த்து அழித்தான்.

"என்னய்யா ஆமோஸ், புல்லு மேயுறியா?"

சலவைக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஹெப்சி டல்லி பாதையில் நின்றாள். பெரிய வீட்டுத் துணி வெளுத்து வெளுத்து அவள் கைகள் அவித்த இறைச்சி நிறத்தில் இருந்தன.

"உன் வேலையைப் பாரு, ஹெப்சி."

"என் வீட்டு மகராசன் கடுதாசி எதும் போட்டானா?"

"பதினோரு வருஷமா இதையே கேக்குறே."

"நீதானே கண்ணால பார்த்தவன்? செம்பட்டைத் தலைக்காரியோட ரயில் ரோட்டு வேலைக்குப் போனான்னே. செம்பட்டைன்னா எப்படி, கேரட் மாதிரியா, நரி மாதிரியா?"

"ஞாபகமில்ல."

"போன வருஷம் நரின்னே." அவள் சிரித்தாள். "செத்துத் தொலைஞ்சிருந்தாலாவது ரொட்டிக்கடை ஆப்னர் என்னைக் கட்டியிருப்பான். ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு எந்தப் பாதிரி ரெண்டாம் கல்யாணம் பண்ணி வைப்பான், சொல்லு?"

கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். ஆமோஸ் அவள் முதுகைப் பார்க்கவில்லை.

ஹெப்சியின் புருஷன் ஜெத்ரோ டல்லி ரயில் ஏறவில்லை. களிமண் மிதிக்கும் கூட்டத்தில் ஆமோஸுக்குப் பக்கத்து ஆள் அவன். புது பூட்ஸுக்குப் பெண்டாட்டியே ஆணி அடித்தாள், ஒன்று குறைந்துபோனது என்று வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தான். அந்த வாரக் கடைசியில், களிமண் சுவருக்காகத் தோண்டிய பள்ளத்தின் பக்கம் சரிந்தது. ஒரு வண்டிக் களிமண் அவன் தலைக்கு மேல் இறங்கியது. ஆட்கள் மண்வெட்டியைத் தேடி ஓடினார்கள். மேலே நின்ற சர் ஹியூபர்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மிதி நின்றால் களிமண் காயும், காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் சுவர் முழுவதையும் மறுபடி தோண்ட வேண்டும். அந்த வேலையில் எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். "அவன் போயிட்டான். மிதிங்க" என்றார். மேஸ்திரியாக இருந்த ஆமோஸ்தான் முதல் காலை எடுத்து வைத்தான்.

அவன் போயிருக்கவில்லை. உள்ளங்காலுக்கு அடியில் தட்டுவது தெரிந்தது. மேலே மிதிக்க மிதிக்க, கீழே அதே தாளத்தில். இருட்டும்வரை தெரிந்தது.

அடுத்த மாதம் ஆமோஸுக்கு மதகு வேலையும் ஓட்டு வீடும் கிடைத்தன.

அந்த நவம்பர் மாலை இருட்டியதும் தோட்டத்து விளக்குகள் எரிந்தன. சிரித்துக்கொண்டே விருந்தாளிகள் பாறைத் தோட்டத்துக்குள் நடப்பது தூரத்தில் கேட்டது. ஊறிய இலை வாடையும் அதற்கு அடியில் பழைய பள்ளத்தின் புளித்த மண் வாடையும் சேர்ந்து வந்தன. அப்போது விளக்குகள் மங்கின, எரிந்தன, மறுபடி மங்கின. இடது, வலது, இடது என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு நடைக்கு ஏற்ப, தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில்.

சர் ஹியூபர்ட் கம்பளிக் கோட்டோடு இறங்கி வந்தார்.

"ரட், தண்ணி ஏன் சீரா வரல?"

"கசியுதுங்கய்யா. வெளிப்பக்கம். தோண்டித்தான் பாக்கணும்."

"தோண்டினா என்ன வரும்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். மிதிச்சு அடை. உனக்கு நல்லா வர்ற வேலைதானே? வீடு வேணும்ல?"

அவர் போய்விட்டார்.

அழித்த இடத்தில் தடம் மறுபடி புடைத்திருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. வரிசையாக, கரையேறிப் போகிற மாதிரி. ஆமோஸ் ஒன்றின்மேல் காலை வைத்து மிதித்தான். மண் இளகியிருந்தது. கணுக்கால் வரை போனது. முழங்கால் வரை. குளிர் எலும்பைப் பிடித்தது.

சதக். சதக்.

அவன் நிறுத்தினான்.

சதக்.

காலை இழுத்தான். வரவில்லை. அவனுடைய பூட்ஸின் அடியோடு ஒட்டி, கீழிருந்து இன்னொரு கால். தோலுக்குத் தோல் போல. ஆணிக்கு ஆணி. நடுவில் மட்டும் ஒரு இடம் காலி. அது மேலே தள்ளியது. அவன் கீழே மிதித்தான். மிதிக்காவிட்டால் அது வெளியே வந்துவிடும். மிதித்தான். இடது. வலது.

காலிக் கூடையோடு ஹெப்சி திரும்பி வந்தாள். நின்றாள். குனிந்து புல்லிலிருந்த தடத்தின் குதிகாலை விரலால் தொட்டாள். ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக்கொண்டே போன விரல், ஆணி இல்லாத இடத்தில் நின்றுவிட்டது.

"ஆமோஸ்." சிரிப்பே இல்லாத குரல். "இது நான் அடிச்ச ஆணி."

விளக்குகள் மங்கின.

"எதை மிதிக்கிறே நீ?"

அவன் தொடை வரை உள்ளே இருந்தான். வாயைத் திறந்தான். "நீ போ, ஹெப்சி" என்றான். கால்கள் நிற்கவில்லை. இடது. வலது. கீழேயும் இடது, வலது.

அவள் போகவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக அவன் அவளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்றுதான்: உன் புருஷன் ஓடிப்போகவில்லை என்ற ஒரு சொல். அது இன்னும் பாக்கி.