வெள்ளைத் துணிக்குள் உபதேசம்

தெல்தோட்டைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே நிற்கும் பழைய துரை பங்களாவின் முன்னால் வான் வண்டி வந்து நின்றபோது பகல் சாப்பாட்டு நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் மூடுபனி முற்றத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

முதலில் இறங்கியது பதாகை. 'மந்திர ஞான வாரிதி' என்று அதில் பொன்னெழுத்து. அடுத்து வாரிதியே இறங்கினார். அரசாங்கத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெறும்வரை தம்பிராஜாவை யாரும் அப்படி அழைத்ததில்லை. "எங்கட கோப்பு எங்க, சேர்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

"வழுக்கும் குருஜி, பாத்து வாங்க," என்றார் சந்திரகுமார். கண்டியில் நகைக்கடை வைத்திருப்பவர், குருஜிக்குத் தியான மண்டபம் கட்டப்போகிறவர்.

"எனக்கு வழுக்காது. பூமாதேவி பிடிச்சுக்கொள்ளுவா."

பூமாதேவி பிடிக்கவில்லை. பின்னால் சுடுதண்ணீர்ப் போத்தலோடு இறங்கிய அவர் மனைவி பத்மாதேவிதான் பிடித்தார்.

"காலை நிலத்தில வையுங்கோ. வாய் பிறகு போகட்டும்," என்று மெல்லச் சொன்னார்.

இந்தப் பங்களாவின் பின்னறையில்தான் மௌனச்சாமி வாழ்ந்து மறைந்தார். பெயருக்கேற்ப யாரோடும் பேசாதவர். கன்னக் கொடுப்புக்குள் எப்போதும் ஒரு கிராம்பு. அவரிடம் ஒரு மந்திரம் இருக்கிறது, சாகும்போது ஒரு காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவார் என்று கண்டி முழுக்கப் பேச்சு. கடைசி நாளன்று தம்பிராஜா தன் வலது காதை அந்த வாயருகே கொண்டுபோனார். சாமி வாயை இறுக மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். கஞ்சிக் கோப்பையோடு வாசலில் நின்ற பத்மாதேவி அதைக் கண்ணால் கண்டவர்.

தம்பிராஜா வெளியே வந்து, கண்ணைத் துடைத்து, "கிடைச்சிட்டுது," என்றார்.

மந்திரம் உருவானது பிறகு, பேராதனையில் வான் டயருக்குக் காற்றடிக்க நின்ற இடத்தில். இரண்டு பீஜ எழுத்தோடு ஒரு பழைய தேவாரச் சொல்லை ஒட்டினார். நன்றாகத்தான் ஒட்டியது. பத்மாதேவி எதுவும் சொல்லவில்லை. ஊரில் புருஷனுக்கு மாலை விழும்போது மனைவி குறுக்கே நிற்பது அழகில்லையே.

இன்றுதான் முதல் உபதேசம். பெறப்போகிறவள் றஜிதா, கட்டுக்கலையில் படிப்பிக்கும் ஆசிரியை. கணவன் போய்ச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. கண்ணுக்குக் கீழே மை தீட்டியதுபோல் கறுப்பு.

"மந்திரம் சொன்னா தூக்கம் வருமாம்மா?" என்று கேட்டாள்.

"வரும் பிள்ளை," என்று சொல்லிவிட்டு, பத்மாதேவி அவள் முகத்தைப் பார்க்காமல் போத்தலின் மூடியைத் திருகினார்.

உபதேசத்தைச் சாமியின் அறையிலேயே வைத்தார்கள். குருவும் றஜிதாவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அடைத்துக் கிடந்த அறைக்குப் பாசி மணம். உபதேசம் வெளியே கேட்கக்கூடாது என்பதால் குரு தலையையும் சீடர் தலையையும் சேர்த்து ஒரே வெள்ளைத் துணியால் மூடுவார்கள். சந்திரகுமார் பயபக்தியோடு போர்த்திவிட்டார். மற்றச் சீடர்கள் கைகூப்பி நின்றார்கள்.

துணிக்குள் தம்பிராஜா செருமினார். குனிந்தார்.

அப்படியே அசையாமல் இருந்தார்.

கிராம்பு மணத்தது. வாய் கழுவாத, நாட்பட்ட கிராம்பு.

பத்மாதேவி சாமி கிடந்த சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பிறகு சத்தம் வந்தது. ஈரச் சுவரை யாரோ விரலால் தேய்ப்பதுபோல் தாழ்ந்த, ஓயாத முணுமுணுப்பு. பேராதனை மந்திரத்தின் ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை.

சந்திரகுமார் துணியை எடுத்தார். தம்பிராஜாவின் உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன. மூச்சை வெளியே விடும்போது மட்டுமல்ல, உள்ளே இழுக்கும்போதும் அது நிற்கவில்லை.

"சித்தியாயிருச்சு! குருஜிக்கு மந்திரம் தானா ஓடுது!" சந்திரகுமார் தடாலென்று தரையில் விழுந்தார். மற்றவர்களும் விழுந்தார்கள். யாரோ சங்கு ஊதினார்கள்.

பத்மாதேவி கணவரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஞானம் எதுவும் இல்லை. தண்ணீரில் முங்குகிறவனின் கண்கள்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். முடியவில்லை என்று.

பத்மாதேவி சுடுதண்ணீரைக் கணவரின் வாயில் வைத்தார். தண்ணீர் தாடையில் வழிந்தது. முணுமுணுப்பு நனையவில்லை. உள்ளங்கையால் அவர் வாயை அழுத்திப் பொத்தினார்.

கைக்குக் கீழே உதடுகள் அடங்கின.

சத்தம் அடங்கவில்லை.

"பிள்ளை, துணிக்குள்ள இவர் என்ன சொன்னவர்?" என்று றஜிதாவை உலுக்கினார்.

"எனக்கு ஒண்ணுமே சொல்லலம்மா." அவள் குரல் எங்கோ இருந்தது. "சேர் குனிஞ்சாரு. அதுக்குள்ள சேர் காதுல யாரோ சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. எனக்குக் கொஞ்சந்தான் கேட்டுச்சு. கேட்டதும் கண்ணு சொருகிச்சு. இத்தன நாளைக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வந்திச்சும்மா. மிச்சத்தையும் கேக்கணும்."

"வேண்டாம்!" பத்மாதேவி அவளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக் கத்தினார். "இவருக்குச் சாமி ஒண்டும் குடுக்கேல்ல! முகத்தைத் திருப்பிப் போட்டார்! நான் வாசல்ல நிண்டு பாத்தனான். எல்லாம் பொய்!"

தம்பிராஜா கையெடுத்துக் கும்பிட்டு, ஆம் ஆம் என்று வேகமாகத் தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனும் மனைவியும் ஒரே உண்மையைச் சபையில் சொன்னார்கள்.

சந்திரகுமார் உருகிப்போனார். "பாத்தீங்களா, இவ்வளவு பெரிய நிலையிலயும் என்னா அடக்கம்! அம்மா, பொறாமப்படாதீங்க. அடுத்த உபதேசத்தக் குருஜி உங்களுக்கே தருவாரு."

இரண்டு சீடர்கள் பத்மாதேவியின் கைகளை மரியாதையாகப் பிடித்துக்கொண்டார்கள். மரியாதை இறுக்கமாகவே இருந்தது. றஜிதா தானாகவே போய்த் தம்பிராஜாவின் எதிரில் உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கி, வலது காதை நீட்டினாள். அவர் பின்வாங்கப் பார்த்தார். முதுகுக்குச் சுவர்.

சந்திரகுமார் துணியைப் போர்த்தினார்.

"றஜிதா! எழும்பி வா பிள்ளை!"

றஜிதாவின் தோள்கள் தளர்ந்தன. துணிக்குள்ளிருந்து சன்னமாகக் குறட்டை வந்தது. அதன் மேலே, அவள் குரலிலேயே, அந்த முணுமுணுப்பும் வந்தது.

"ஆஹா," என்றார் சந்திரகுமார்.

பத்மாதேவி துணியையே பார்த்தார். துணி மெல்ல இறங்கி, உள்ளே இருந்த உருவங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. இடது பக்கம் கணவரின் தலை. வலது பக்கம் றஜிதாவின் தலை.

நடுவில் இன்னொன்று.

அது மெதுவாகப் பத்மாதேவியின் பக்கம் திரும்பியது.