முதல் வரி மட்டும்

வணக்கம், எல்லோரும் நலமா? மூச்சு தடையில்லாமல் வருகிறதா? ஆழிக்குடியில் இப்போதெல்லாம் இப்படித்தான் விசாரிக்கிறார்கள். தூத்துக்குடிக்கு அப்பால், கடலுக்கு அடியில் இருக்கிற ஊர் அது. பன்னிரண்டு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் காற்று வருகிற குழாயில் ஒரு வளிமதகு. தீப்பிடித்தால் அதை மூட வேண்டும். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்ச வேண்டும்.

அந்தக் கட்டளைக்கு எண்பது பக்கக் கையேடு இருந்தது. ஒருவருக்கும் புரியவில்லை, அதனால் பயந்துகொண்டு ஒருவரும் தொடவும் இல்லை. கட்டுப்பாட்டறையில் கையேடு எழுத வந்த ஜெசிந்தா அதை ஒரே பக்கமாக்கினாள். உச்சியில் பளிச்சென்று ஓர் உதாரணம் வைத்தாள்:

வளிமதகு மூடு 7

பாராட்டு குவிந்தது. பதினைந்தாம் நாள் தங்கை ரோஸ்லின் அழைத்தாள். அவள் குடியிருப்பது ஏழாம் பகுதியில்.

“அக்கா, மறுபடியும் காத்து நின்னுட்டு. இந்த வாரத்துல மூணு தடவை! பிள்ளைக்கு உதடு நீலமாயிட்டு. தீயும் இல்ல, புகையும் இல்ல. எந்தப் பாவி மூடுதான்?”

ஜெசிந்தா பதிவைத் திறந்தாள். மூன்று முறையும் புகை வந்தது வேறு பகுதியில்; ஏழை மூடியது மூன்று வெவ்வேறு புது ஆட்கள். கட்டுப்பாட்டறைத் தலைவர் ரொசாரியோ ஏழாம் மதகைத் திறந்துவிட்டுச் சிரித்தார்.

“கையேட்டத் தொறந்ததும் மொத வரிய அப்படியே எடுத்து ஒட்டிடுதானுவ. நம்பர மாத்தணும்னு தோணுனாத்தான? நீ ஏன் ஏழுன்னு எழுதுன?”

“ஏதாவது ஒரு நம்பர் எழுதணும்லா அண்ணாச்சி! கீழ விளக்கம் இருக்கே, படிக்க மாட்டானுவளா?”

“கீழயா? அங்க எவன் போவான்? நீ போவியா?”

அதற்குள் மறுபடி அழைப்பு. இம்முறை ரோஸ்லினுக்குப் பேச்சு வரவில்லை; இருமல்தான் கேட்டது. நான்காவது ஆள் ஒட்டிவிட்டான்.

ரொசாரியோ மதகைத் திறக்க ஓடினார். ஜெசிந்தா கையேட்டைத் திறந்து ஏழு என்ற எண்ணை அழித்தாள். வேறெதையும் பார்க்காமல் வெளியிட்டாள். எல்லாப் பகுதிகளின் திரையிலும் வரி மாறியது:

வளிமதகு மூடு

அப்பாடா என்று சாய்ந்தவள், எழுதிய நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் பக்கத்தின் அடிவரை போனாள். அவளே எழுதிய கடைசி வரி அங்கே இருந்தது.

‘எண் தராவிட்டால் பன்னிரண்டு பகுதிகளும் மூடப்படும்.’

“அண்ணாச்சி! யாரும் எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க...”

தலைக்கு மேல் காற்றின் இரைச்சல் நின்றது.

இதைக் கடைசி வரி வரை படித்தவர்கள், எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள், காற்று வருகிறதா என்று உடனே எழுதுங்கள்.