பின்விளக்கின் சாட்சி

மருமகளுக்காக ஒரு மாமனார் துப்பறிகிறவரைத் தேடி வருவது அன்றாடம் நடக்கிற காரியமல்ல. வந்தவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ஓடுகிற வண்டியில் நிற்பவர் போல மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"என் மருமக நர்சு சார். அவ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில வலிக்குப் போடுற ஊசி மருந்து ஒரு பெட்டி காணாமப் போயிருச்சு. சாதாரண மருந்து இல்ல, பூட்டி வைக்கிற மருந்து. இவதான் எடுத்திருக்கணும்ங்கிறாங்க. நாளைக்குக் காலையில போலீசுக்குப் போறாங்களாம். போனா வேலை மட்டுமில்ல, நர்சுப் பதிவையே ரத்து பண்ணிருவாங்க."

"உங்க பையன் என்ன சொல்றார்?"

பெரியவரின் முகம் சுருங்கியது. "எடுத்திருந்தா ஒத்துக்கிட்டுப் போயிடுன்னு அவகிட்டயே சொல்றான், மடையன். அதுலேருந்து அவ யார்கிட்டயும் வாயத் திறக்கல. சமைச்சு வைக்கிறா, சாப்பிட மாட்டேங்கிறா."

எதிரே இருந்தவரை ஊரில் எல்லோரும் 'நிதானம்' என்றே அழைத்தார்கள். காப்பீட்டு நிறுவனத்துக்காக அடிபட்ட கார்களைப் பார்த்து மதிப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர். கார்களைவிடக் கார்க்காரர்கள்தான் அதிகம் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கடையில் ஈ ஓட்டுகிற நேரமெல்லாம் அத்தானோடு சுற்றுவான். அவனுக்கு நிதானம் என்றால் என்னவென்றே தெரியாது.

"கிளம்புங்க அத்தான்!" என்று அவன் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டான்.

சிறிய ஆஸ்பத்திரி. முன்னால் வண்டி நிறுத்துகிற முற்றம், பின்னால் மருந்து அறை. ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான டாக்டரம்மா அவர்களைத் தன் அறையில் உட்கார வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பெட்டி காணாமல் போன நாளன்று மாலை மின்சாரம் இருக்காது என்று முன்பே அறிவித்திருந்தார்கள். அதனால் வெளிநோயாளிகளை வரச் சொல்லவில்லை. மின்சாரம் போனதும் கேமராக்களும் படுத்துவிட்டன. வார்டில் இரண்டு நோயாளிகளோடு அந்த நர்ஸ் மட்டும் இருந்தாள். மறுநாள் மருந்து அலமாரியைத் திறந்தால் ஒரு பெட்டி குறைகிறது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"அலமாரிக்கு ரெண்டே சாவி. மாற்றுச் சாவி போட முடியாத பூட்டு. ஒண்ணு நர்ஸ் இடுப்புல. இன்னொண்ணு மேனேஜர்கிட்ட. அவர் பயன்படுத்துறது ஆஸ்பத்திரி கார். அந்தக் கார் சாவியும் அலமாரிச் சாவியும் ஒரே வளையத்துல இருக்கு. தொலையக் கூடாதுன்னு வளையத்தோட வாயை நான்தான் வெல்டிங் வச்சு அடைச்சுக் கொடுத்தேன். தனியாக் கழட்ட முடியாது."

"அன்னிக்கு மேனேஜர் எங்க இருந்தார்?"

"முற்றத்துல, கார்லதான். கரண்ட் வர்ற வரைக்கும் காருக்குப் பின்னாடி சிவப்பு விளக்கு எரிஞ்சதை வாட்ச்மேன் பார்த்திருக்கார். அந்தக் கார்ல சாவியை எடுத்தா வெளிவிளக்கு எல்லாம் அணைஞ்சிடும். அப்ப வளையம் முழுக்க கார்லயே இருந்திருக்கு. மிச்சம் யாரு? நர்ஸ்தானே?" டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "எனக்கும் மனசு வரல. ஆனா கணக்கு அப்படித்தான் வருது."

"காருக்கு இன்னொரு சாவி இருக்குமே!" என்றான் மச்சினன், புதையல் எடுத்தவன் போல.

"என் வீட்டு பீரோல இருக்கு. பீரோ சாவி என் கழுத்துல." டாக்டரம்மா சங்கிலியை இழுத்துக் காட்டினார்.

மேனேஜர் அழைக்கப்பட்டார். நாற்பதைத் தாண்டியவர், மடிப்புக் கலையாத சட்டை, நல்ல மனிதர் என்று யாரும் சொல்வார்கள். உட்கார்ந்தார். சற்றுப் பேசியதும் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மின்விசிறிக்குக் கீழேயே அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"மழை கொட்டுச்சு சார். உள்ளேயும் இருட்டு. கார்ல உக்காந்து பாட்டுக் கேட்டேன்."

"கண்ணாடியை ஏத்திவிட்டா புழுங்குமே?" என்று நிதானம் அனுதாபமாகக் கேட்டார்.

"இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கிட்டேன். கரண்ட் வந்த பிறகுதான் நிறுத்திட்டு இறங்கினேன்."

"நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றார் நிதானம். மச்சினனுக்கு ஆத்திரமாக வந்தது. அத்தான் விசாரிக்க வந்தாரா, விருந்துக்கு வந்தாரா?

முற்றத்தில் கார் சுவரைப் பார்த்தபடி நின்றது. மேனேஜரே சாவியைப் போட்டு விளக்கைக் காட்டினார். சாவியை எடுத்ததும் எல்லாம் அணைந்தன. வளையமும் முழுசாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

வாட்ச்மேன் தன் கூண்டிலிருந்து வந்து ஒப்பித்தார். "எரிஞ்சது சார், கண்ணால பார்த்தேன். ஆள் தெரியல, மழை. லைட் எரிஞ்சா ஆள் இருக்கார்னுதானே அர்த்தம்?"

"இன்ஜின் சத்தம் கேட்டுச்சா?"

"தகரக் கூரை மேல மழை பேஞ்சா பக்கத்துல இடி விழுந்தாக்கூடக் கேக்காது."

"மறுநாள் கார் ஒழுங்காக் கிளம்புச்சா?"

"எங்க கிளம்புச்சு! கர்ர்னு ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரி செத்துப்போச்சுன்னு ஆம்புலன்ஸ்லேருந்து வயர் போட்டுத்தான் கிளப்பினாங்க. பழைய பேட்டரின்னு மேனேஜர் சார் சொன்னார்."

நிதானம் தலையை ஆட்டிக்கொண்டு கார் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்தார், பிறகு முற்றத்தைச் சுற்றி வந்தார். மச்சினன் பின்னாலேயே ஓடினான்.

"வாட்ச்மேன்தான் அத்தான்! பொய் சாட்சி சொல்றான்."

"அவர் பார்த்ததைத்தான் சொல்றார் மாப்பிள. பார்க்காததை நாமதான் சேர்த்துக்கிறோம். எல்லாரையும் இங்க வரச் சொல்லு. அந்தப் பொண்ணையும்."

சாயங்காலத்துக்குள் எல்லோரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். நர்ஸ் மாமனாரின் பக்கத்தில் நின்றாள். இளைத்து, கண்கள் உள்ளே போயிருந்தன. அவளுடைய கணவன் கேட்டுக்கு வெளியே நின்றான், உள்ளே வர முகமில்லாமல்.

நிதானம் உரக்கப் பேசவில்லை. அதனால் எல்லோரும் கிட்டே வர வேண்டியதாயிற்று.

"இந்தப் பொண்ணு மேல பழி விழுந்ததுக்குக் காரணம் காரோட பின்விளக்கு ஒண்ணுதான். விளக்கு எரிஞ்சா சாவி கார்ல இருக்கு, சாவி கார்ல இருந்தா மேனேஜர் சுத்தம். இவ்வளவு பலமான சாட்சி எனக்குப் பொதுவா ஆகாது. மேனேஜர் சார், இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"இன்ஜின் ஓடினா பேட்டரிக்குக் கரண்ட் ஏறும். நின்னாத்தான் இறங்கும். அன்னிக்கு அவ்வளவு நேரம் இன்ஜின் ஓடியிருந்தா மறுநாள் கார் ஒரே திருகுல கிளம்பியிருக்கணும். கிளம்பல."

"பேட்டரி பழசு சார்."

"அதுவும் பார்த்தேன். மேல ஒட்டியிருக்கிற தேதி புதுசா இருக்கு." நிதானம் குரல் மாறாமல் தொடர்ந்தார். "சரி, இன்ஜின் ஓடல, விளக்கு மட்டும் எரிஞ்சுதுன்னே வச்சுக்குவோம். அதுல குத்தம் ஒண்ணுமில்ல. அப்புறம் ஏன் ஓடுச்சுன்னு பொய் சொல்லணும்? புழுங்கலையான்னு நான் கேட்டேன். உண்மையா உள்ள உக்காந்திருந்தவர் 'புழுங்கித் தொலைச்சுது'ன்னு திட்டியிருப்பார். உக்காராதவர்தான் யோசிச்சு, ஏசி போட்டேன்னு பதில் சொல்லுவார்."

"இதெல்லாம் ஊகம்" என்றார் மேனேஜர்.

"காலையில டாக்டரம்மா அறையில நீங்க எத்தனை தடவை எழுந்தீங்கன்னு எண்ணவே முடியல. முதுகு வலி, இல்லையா? மெத்தை வச்ச நாற்காலியிலேயே உக்கார முடியாதவர், கார் சீட்ல மாலை முழுக்கச் சுகமாப் பாட்டுக் கேட்டீங்களா?"

டாக்டரம்மா சட்டென்று மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை வேறு மாதிரி இருந்தது. இத்தனை மாதமாகப் பக்கத்திலேயே இருந்த நோயாளியை இப்போதுதான் பார்க்கிறார்.

"மாப்பிள, டிரைவர் சீட்டுக்குக் கீழ கையை விடு. முன்னோரமா, கால் படாத இடத்துல."

மச்சினன் பாதி உடம்பைக் காருக்குள் நுழைத்துத் துழாவினான். கார் சாவி அப்போது டாக்டரம்மாவின் உள்ளங்கையில் இருந்தது. டிக் என்றொரு சத்தம். சுவரைப் பார்த்து நின்ற காரின் பின்விளக்குகள் இரண்டும் சிவப்பாக எரிந்தன.

வாட்ச்மேன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"பானட்டைத் திறந்தப்பவே பார்த்தேன், பேட்டரியிலேருந்து நேரா சீட் பக்கம் ஒரு வயரை இழுத்து, சாவிக்குச் சம்பந்தமில்லாம ஒரு சுவிட்ச் போட்டிருக்கு" என்றார் நிதானம். "அதைப் போட்டுட்டு, வளையத்தோட பின்பக்கம் போயிட்டு வரலாம். சாவியில்லாம விளக்கு எரியும். இன்ஜின்தான் ஓடாது. அதனாலதான் பேட்டரி படுத்துச்சு."

"வேலை முடிஞ்சதும் பிச்சுப் போட்டிருக்கலாமே?" மச்சினன் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

"ஒரு பெட்டி எத்தனை நாளைக்கு வரும்? அடுத்த தடவை கரண்ட் போறப்பவும் வேணுமே."

மேனேஜர் அப்படியே காரின் மீது சாய்ந்தார். "வலி தாங்க முடியல டாக்டர்" என்றார். "முதல்ல வெளியில வாங்கி வலிக்குத்தான் போட்டேன். அப்புறம் போடலைன்னா இருக்க முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வைத்தியம் பார்த்திருப்பேனே!" என்றார் டாக்டரம்மா. "இந்தப் பொண்ணு தலையில கட்டிட்டீங்களே."

"அவ பேரு வரும்னு தெரியும்" என்றார் அவர் தரையைப் பார்த்து. மன்னிப்புக் கேட்பதைவிட அந்த ஒப்புதல் கொடுமையாக இருந்தது.

டாக்டரம்மா நர்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தப்புப் பண்ணிட்டேம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு." அவள் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

அதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு கணவன் உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு அப்பவே தெரியும், நீ எடுத்திருக்க மாட்டேன்னு!"

பெரியவர் மகனை அறையப் போகிறவர் போல ஒரு எட்டு வைத்தார். மருமகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். பல நாள் கழித்து வந்த குரல் கரகரத்தது.

"உங்களுக்கு இப்பதாங்க தெரியும். சுவிட்சு, பேட்டரி, சாட்சி எல்லாம் சொன்ன பிறகு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். ஒண்ணும் தெரியாம என்னை நம்பினது மாமா ஒருத்தர்தான்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"வீட்டுக்குப் போலாம் மாமா, பசிக்குது" என்றாள் அவள். இருவரும் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். கணவன் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னாலேயே நடந்தான். கிட்டே போக அவனுக்குத் துணிவு வரவில்லை.