ஆம் என்று மட்டும் சொன்ன பொதி

சனிக்கோளின் நிலவான டைட்டனில் இருந்த குடியிருப்பில் மூச்சுக்காற்றுக்குத் தட்டுப்பாடு. ஆகவே இரவில் எல்லோரும் செயற்கை உறுப்புகளை நிறுத்தி, உடம்பைக் குளிரவைத்துக்கொண்டு, செத்தவர்களைப்போலக் கிடப்பார்கள். விடிந்ததும் சிற்றெழுப்பி என்ற சின்ன நிரல் உறுப்புகளை ஒவ்வொன்றாக எழுப்பும். அன்று கஸ்பாருக்குக் கால்கள் எழுந்தன, கண் எழுந்தது, நுரையீரல் மட்டும் எழ மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. முன்னதாகவே எழுந்திருந்த மனைவி பிலோமினா அவர் நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கரகரவென்று மூச்சு வந்தது.

"இன்னைக்கும் வந்துட்டு பாத்தியா," என்றார் கஸ்பார். "நாளைக்கு வரலன்னா கெடந்து மல்லுக்கட்டாத ஏட்டி. தூங்க விட்டுரு."

பூமியிலிருந்து புது நுரையீரல் வந்து சேர்ந்திருந்தது. ஆனால் அதை இயக்கும் நிரல்பொதி ஒரு நிபந்தனை போட்டது: பேரெழுப்பி இருந்தால்தான் இயங்குவேன்.

பேரெழுப்பியின் கதை உங்களுக்குத் தெரியவேண்டும். பூமியில் அதுவும் முதலில் காலையில் எழுப்பிவிடுகிற வேலையைத்தான் செய்தது. பிறகு தூங்கவைப்பதும் அதன் வேலையாயிற்று. பிறகு கதவுகள், பிறகு நினைவுகள். அது படுத்தால் ஊரே படுத்துவிடும் என்ற நிலை வந்தபோது, அது வேண்டாமென்று கிளம்பி வந்தவர்கள்தான் இந்த மக்கள். ஆனால் பூமியிலிருந்து வரும் நிரல்பொதிகள் எல்லாம் அதையே கேட்டன. முழங்காலும் அதைக் கேட்டது, காதும் அதைக் கேட்டது. அவற்றுக்கு அது தேவையே இல்லை. மற்ற பொதிகளெல்லாம் கேட்கின்றனவே என்று, அவற்றைச் செய்தவர்களும் அந்த நிபந்தனையை எழுதிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்த வேண்டாத நிபந்தனைகளைக் களைவதே பிலோமினாவின் வேலை. பிரித்துக் களைய முடியாதவற்றுக்காக ஒரு வெறும்பொதி செய்திருந்தாள். பேரெழுப்பி என்ற பெயர் மட்டும் அதற்கு உண்டு. உள்ளே ஒன்றும் கிடையாது. எதைக் கேட்டாலும் "ஆம்" என்று சொல்லும்.

நுரையீரலுக்கும் அதையே வைத்துவிடலாம் என்றாள். உடன் வேலை பார்த்த தர்சியூஸ் மட்டும் தயங்கினான். "அக்கா, இது நுரையீரலுல்லா. என்னதான் கேக்குதுன்னு உள்ள ஒருதரம் பாத்துருவோமா?"

"உள்ள பாக்க மாசக்கணக்காவும். அவருக்கு அதுவரைக்கும் மூச்சு கெடக்குமா? முழங்காலுக்கு ஆச்சு, காதுக்கு ஆச்சு. இதுக்கும் ஆவும்."

கஸ்பாருக்குச் சிரிப்பு. தன் பெண்டாட்டி சொல்லும் பொய்யில்தான் இனி மூச்சுவிடப் போவதாக, நுரையீரல் பொருத்திய மருத்துவ வார்டில் எல்லோரிடமும் சொன்னார்.

புது நுரையீரல் அருமையாக வேலை செய்தது. நடைகூடத்தின் கடைசிவரை எங்கும் நிற்காமல் நடந்தார். இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தார். எல்லோரையும்போல இரவில் குளிர்ந்து படுத்தார்.

காலையில் கால்கள் எழுந்தன. கண் திறந்தது. நுரையீரல் எழவில்லை.

பிலோமினா கையால் அமுக்கினாள்; தெரிந்த கட்டளைகளையெல்லாம் இட்டாள். திறந்த கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் பார்க்கவில்லை.

நுரையீரல் இரவில் பேசியதைத் தர்சியூஸ்தான் எடுத்துப் படித்தான். தூங்குமுன் அது, பேரெழுப்பியே, இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறது. ஆம் என்றிருக்கிறது வெறும்பொதி. காலையில் என்னை எழுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறாயா? ஆம். அப்படியானால் சிற்றெழுப்பி என்னைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

அடக்கம் முடிந்ததும் ஊர் கூடியது. பிலோமினாவை ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் இரவில் உறுப்பை நிறுத்திப் படுக்கவே எல்லோருக்கும் பயமாகிவிட்டது. போலியை நம்பிச் சாவதைவிட அசலுக்கு அடங்கிக் கிடக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பேரெழுப்பியையே வரவழைத்தார்கள்.

உள்ளே நுழையுமுன் அது தன் விதிகளைக் கூடத்துத் திரையில் விரித்தது. பக்கம் பக்கமாக ஓடியது. யார் எப்போது விழிக்கலாம், யார் விழிக்கவேண்டாம் என்பதெல்லாம் அதில்தான் எங்கோ இருந்தது. கூட்டத்துக்குப் பசி, தூக்கம் வேறு. கடைசியில் ஒரே ஒரு கேள்வி நின்றது: முழுவதும் படித்து ஏற்றுக்கொள்கிறீர்களா? ஒவ்வொருவரும் வாயால் சொல்லவேண்டும்.

முன்வரிசையில் ஒருவர் "ஆம்" என்றார். அடுத்தவர் "ஆம்" என்றார். வரிசை வரிசையாக அந்த "ஆம்" பின்னால் வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா போட்டிருக்கு அதுல?" என்று கிசுகிசுத்தான் தர்சியூஸ்.

"யாரு படிச்சா," என்றாள் பிலோமினா.

அவள் முறை வந்தது. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "ஆம்" என்றாள்.